வரிசையின்ர கடைசி ஆள்

இல்லை அன்ரி, வட்டத்துக்குள்ள என்னை விடேல்லை. விடமாட்டினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. உங்கட சங்கத்துச் சகோதரியள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோட உங்கட சவப்பெட்டியைச் சுத்திக் கைகோத்து நிண்டு பாடினவை. நான் அம்மாவோட கதவடியில நிண்டனான். "என்ன பிள்ளை, உன்னைக் கூப்பிடேல்லையே? இவ்வளவு காலமும் அவவோடதானே திரிஞ்சனி?" எண்டு அம்மா காதுக்குள்ள கேட்டா. என்னத்தைச் சொல்ல?

இண்டைக்குக் காலமை உங்கட கோப்பிப் பிளாஸ்க்கைத் திறந்தன். எவ்வளவு கழுவியும் கறுவா மணம் போகேல்லை. அதுதான் எழுதுறன், போனில. பிரெஞ்சில எழுதினா உங்கட ஆக்கள் வாசிச்சுப்போடுவினம். அதால தமிழ்.

லிசேப் பள்ளிக்கூடத்தை இடையில விட்டுப்போட்டு நான் லா ஷப்பல்ல, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற தெருவில, மாமான்ர கடையில நிண்ட நேரம். ஞாயிறு ஞாயிறா வெறும் அட்டைப்பெட்டி கேட்டு வருவியள். ஆறடி அமெரிக்கக் கறுப்புப் பொம்பிளை, வாசல்ல குனிஞ்சுதான் உள்ளுக்க வாறது. "நெட்டை அக்கா வந்திட்டா, பெட்டியை எடு" எண்டுவார் மாமா. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களுக்குப் பின்னால வந்தன். மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழ, கூடாரத்தில படுக்கிற பொம்பிளையளுக்கு நீங்கள் கோப்பி, சோப், பிள்ளையளுக்கு நப்பி குடுக்கிறியள். ஆம்பிளையள் இடிச்சுக்கொண்டு வந்தாங்கள். "தள்ளாதேங்கோடா!" எண்டு கத்தினன். ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது, ஆனா எல்லாரும் விலத்திட்டாங்கள். நீங்கள் விழுந்து விழுந்து சிரிச்சியள். "வாற கிழமையும் வந்து கத்து" எண்டியள்.

நீங்கள் பிளாஸ்க்கோட எப்பவும் வரிசையின்ர கடைசியிலதான் நிப்பியள். சங்கத்தில சேரேக்க கட்டையான ஆள் முன்னுக்கு, நெட்டையான ஆள் கடைசியில எண்டு நிப்பாட்டுவினமாம். அண்டைக்கு ஒண்டா நிண்டவை சாகுமட்டும் சகோதரங்களாம். நீங்கள்தான் அந்த வரிசையில கடைசி. "கடைசியில நான் நிண்டா ஒருத்தியும் விடுபடமாட்டாள்" எண்டுவியள்.

நூறு வருசத்துக்கு முதல், அமெரிக்காவில யூனிவெர்சிட்டியில கறுப்புப் பெட்டையளை ஒருத்தரும் பக்கத்தில சேக்காத காலம், அவையள் தாங்களே கூடித் தொடங்கின சங்கம் எண்டு சொன்னியள். பொம்பிளையளுக்கு வோட்டுரிமை கேட்டு ஊர்வலம் போகேக்க, கறுப்புப் பெண்டுகள் பின்னுக்கு வாங்கோ எண்டவையாம் வெள்ளைப் பெண்டுகள். இதை நீங்கள் சொன்ன அண்டைக்குத்தான் கேட்டன்.

"அப்ப நானும் சேரலாமோ?"

"டிகிரி வேணும்."

"நான் பள்ளிக்கூடம் முடிக்கிற பாக் சோதினையே எடுக்கேல்லை."

"தெரியும். போய்ப் படி."

"உங்களைப் பின்னுக்கு விட்டவை எண்டு நூறு வருசமாக் கதை சொல்லுறியள். இப்ப நீங்கள் என்னை வெளியில விடுறியள்."

கோப்பி ஊத்தின உங்கட கை நிண்டுபோச்சு. "எங்களைப் படிக்க விடாத காலத்தில அந்தத் துண்டுப் பேப்பர்தான் எங்கட வீடு" எண்டியள். எனக்கு விளங்கேல்லை எண்டில்லை. விளங்கினதாலதான் இன்னும் கோவம் வந்தது. அடுத்த கிழமை நான் வரேல்லை. அதுக்கடுத்த கிழமை கடை வாசல்ல குனிஞ்சியள். "பெட்டி இருக்கோ?" அவ்வளவுதான். நான் தூக்கிக்கொண்டு வந்தன். அந்தக் கதையை ரெண்டு பேரும் பிறகு எடுக்கவேயில்லை. கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயும் நீங்கள் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அன்ரி.

உங்களை அடக்கம் செய்து மூண்டாம் நாள் சங்கத் தலைவி போன் எடுத்தா. தங்களுக்கு வயசு போட்டுதாம், பாதிப்பேர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகினமாம், ஞாயிற்றுக்கிழமையை நான் பொறுப்பெடுக்கவேணுமாம். "வட்டத்துக்கு வேண்டாம், வரிசைக்கு மட்டும் வேணுமோ?" எண்டு கேட்டுப்போட்டன். ஓம் எண்டு சொல்லேல்லை. லிசே, கடை, பிறகு எடுத்த வேலையள், எல்லாத்தையும் விட்டவள்தானே நான். இதையும் விட்டா ஆர் கேக்கிறது?

எண்டாலும் இண்டைக்கு பிளாஸ்க்கோட பாலத்தடிக்கு வந்திட்டன். கோவமும் என்னோடதான் வந்தது. கடைசியில நிண்டுகொண்டுதான் இதை எழுதுறன். இப்ப ஒரு சின்னப் பெட்டை, வயித்தில பிள்ளையோட, வரிசை முடியிற இடம் பாத்து எனக்குப் பின்னால வந்து நிக்கிறாள்.

அவளை முன்னுக்கு விடவேணும். போறன்.