இரண்டாம் மேசைக்கு மாற்றும்போது

ஜூன் 4

அக்கா பெற்ற அறிவுக்கொழுந்துக்கு,

இங்கே நான் சுகம். என்னைத் திட்டிக்கொண்டிருப்பதால் உன் அம்மாவும் சுகம். நீ அறைக்குள் உட்கார்ந்தபடியே ஆளில்லாத விமானத்தைப் புயல் மேகத்துக்குள் விட்டு ஆராய்ச்சி செய்கிறாய் என்று முடிதிருத்தும் கடையில் சொன்னேன். ஒருவன் சிரித்தான். "மேகமே அவளைக் கண்டா வழி விடும்டா!" என்றேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல்கூட விடாத என் கை, அப்படியே உனக்கு வந்திருக்கிறது. ஏன் கடிதமே இல்லை?

உன் மாமா

ஜூன் 15

அன்புள்ள மாமா,

மேகம் வழி விடவில்லை. விமானம் கடலில் விழுந்துவிட்டது. அதை ஓட்டும் பொறுப்பை ஒரு கட்டுப்பாட்டு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மாற்றும் முன், இரண்டிலும் என்ஜின் கைப்பிடி ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமலே "பாத்துட்டேன்" என்றேன். புது மேசையில் கைப்பிடி அணைத்த நிலையில் இருந்தது. என்ஜின் நின்றுவிட்டது.

பதிவுப் பெட்டியும் கடலோடு போயிற்று. இறக்கையில் பனி உறைந்ததுதான் காரணம் என்று நினைத்து, பனி உருக்கும் கருவியைப் பொருத்தியவரைக் குடைகிறார்கள். இருபத்திரண்டாம் தேதி என்னை விசாரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகலாம். என்ன செய்யட்டும்? அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 18

கண்ணு,

சொல்லிவிடு. கீறல் விடாத கை என்றேனே, அது புளுகு. ஒருநாள் கைபிரேக் போடாமல் இறங்கிவிட்டேன். பஸ் தானாகக் கிளம்பி, இரண்டு திருப்பம் ஒழுங்காகத் திரும்பி, போலீஸ்காரருக்கு ஹாரன் அடித்து... சரி, நேரே போய்ச் சுவரில் மோதியது. "பிரேக் பிடிக்கலை சார்" என்றேன். மெக்கானிக்கை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

மாமா

ஜூலை 1

அன்புள்ள மாமா,

சொன்னேன். ஆறு மாதம் ஓட்டக்கூடாது. பிறகு மறுபடி பரீட்சை எழுதலாமாம். அதுவரை, மேசை மாற்றும்போது ஒருவர் சொல்ல மற்றவர் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கும் புது முறையை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். பனிக்கருவிக்காரர் வெளியே வந்து, "மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் தூங்கியிருப்பேனே, தாயே!" என்றார். திட்டினாரா, சிரித்தாரா, தெரியவில்லை. அன்றே பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அந்த மெக்கானிக் இன்னும் அதே தெருவில்தானே இருக்கிறார், மாமா?

உங்கள் மருமகள்

ஜூலை 9

கண்ணு,

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். சொன்னேன். "தெரியும்" என்றார். நீ உண்மையை ஒத்துக்கொண்ட கதையையும் சொன்னேன். அப்புறம் கேட்டார்: "உன் மருமக இப்ப என்ன ஓட்டுது?"

"ஒண்ணும் ஓட்டலை. பரீட்சைக்குப் படிக்கிறா" என்றேன்.

மாமா