சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

ஜன. 5, திங்கள். தூறல்.
என் மழைக்கணக்கை எல்லார் மொபைலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்தது பதுளையிலுள்ள மண்சரிவு எச்சரிக்கைத் திட்ட அலுவலகம். சி நிரல்மொழியில் நான் எழுதி, எந்த உலாவியிலும் ஓடும் பைட்கோடாக மாற்றிய சின்னக் கோப்பு. வாசலில் வைத்த போத்தலில் எவ்வளவு மழை என்று தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பென்றால் மண் சரியலாம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். ஒருமுறை இறக்கினால் போதும், பிறகு சிக்னல் தேவையில்லை. இப்போது அதே கோப்பு அவர்கள் சர்வரில் மட்டும். மொபைலில் வெறும் பக்கம்; சிக்னல் இருந்தால்தான் சர்வரைக் கேட்டு நிறம் காட்டும், அதுவரை வட்டம் சுற்றும்.

எங்கள் மடுல்சீமையில் மழை வந்தால் முதலில் போவது சிக்னல்.

மெழுகுதிரி வாங்க வேண்டும். முழங்கால் வலி.

ஜன. 6, செவ்வாய். மழை.
பதுளைக்கு பஸ். பொறியாளர் சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, எச்சரிக்கை ஒரே எடத்துல இருந்து போகணும். ஆளாளுக்கு செவப்பு காட்டுனா பீதியாயிரும்."

"ரெண்டு எடத்துலயும் ஓடட்டும்னுதானே தம்பி பைட்கோடாக்குனேன். சர்வர்ல ஒங்களுக்கு, மொபைல்ல எங்களுக்கு."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"தேயிலை ஃபேக்டரி மோட்டர் ரூம்ல. கரண்டு வேலை."

மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறாராம். போடமாட்டார். தேநீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

ஜன. 7, புதன். விடாத மழை. கரண்டு இல்லை.
சரிவின் கீழ்க்கோடியில் இருக்கும் பணிய லயத்துக்கு இறங்கினேன். தங்கச்சி பாக்கியம் வீட்டுப் பின்பக்கம், மண்ணில் விரல் நுழையும் வெடிப்பு. மொபைலில் வட்டம் சுற்றுகிறது.

"பயப்படாதண்ணே. இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. செவப்பாகலயே."

"சிக்னல் இல்லாம சுத்துது, பாக்கியம்."

"செவப்பானா அதுவே சொல்லும். நீதானே சொல்லிக் குடுத்த."

லயம் முழுக்க இதே பேச்சு. வட்டம் சுற்றினால் ஆபத்து இன்னும் வரவில்லையாம். பக்கத்து வீட்டு முனியாண்டி என்னைக் காட்டி: "கரண்டு மாமாவுக்கு அவரு கணக்க எடுத்துட்டாங்கன்னு கடுப்பு."

என் மொபைலில் மிச்சம் வைத்திருந்த பழைய கோப்பைப் புளூடூத்தில் அனுப்பப் பார்த்தேன். பாதி மொபைலில் சார்ஜ் இல்லை. முனியாண்டி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். திறந்து பார்க்கவில்லை. பாக்கியம் வாங்கவே இல்லை.

"ஆபீசுக்குச் சொல்லாமப் போட்டா பொலிஸ் வருமாம்ணே."

ஜன. 8, வியாழன். மதியம்.
போத்தல் நிரம்பி வழிகிறது. என் மொபைலில் பழைய கோப்பு சிவப்பு காட்டுகிறது. பாக்கியத்துக்கு அழைப்புப் போகவில்லை.

செய்ய வேண்டியது:
பொறியாளர்: கோப்பைத் திருப்பித் தருவது. இல்லாவிட்டால் அந்த வட்டத்தை நிறுத்தி, 'தெரியவில்லை' என்றாவது எழுதுவது.
தோட்டத்தை நடத்தும் துரை: பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவது.
கோயில் பூசாரி: மணியை நிறுத்தாமல் அடிப்பது.
முனியாண்டி: தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது.
பாக்கியம்: வெளியே வருவது. வரமாட்டாள்.
நான்: இறங்கிப்போய் அவள் கையைப் பிடித்து இழுப்பது. முழங்கால் பிறகு.