பத்து லட்சத்து ஒன்று

என் அன்பு மாப்ள ரவி,

நீ போய் மூன்று மாதமாகிறது. என் தங்கச்சி, உன் பொண்டாட்டி, மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நான்தான் சரியில்லை. ஆஸ்பத்திரியில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

ஒரே வகுப்பில் படித்து ஒரே பாக்டரிக்கு வேலைக்கு வந்தோம். கொழுந்து வாட்டும் மாடியில் உனக்குக் காலை ஷிப்ட், எனக்கு மாலை ஷிப்ட். பார்த்துக்கொள்வது படியில்தான். மற்றதெல்லாம் அங்கிருந்த பலகையில், சோக்குக்கட்டியால் போட்ட கணக்குகள். ஒருநாள் நீ ஒன்று, ஐந்து சைபர், மறுபடி ஒன்று என்று எழுதி வைத்தாய். "இத எதாலயும் வகுக்க முடியாது மச்சான், பாக்குறியா?" என்று சவால் விட்டாய்.

அது பகா எண்தானா என்று அறிய, ஆயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். போனைத் தொடக்கூடாது. உனக்கொன்று, எனக்கொன்று என்று முறை. இரண்டு நீ, மூன்று நான். தொண்ணூற்றேழு உன்னுடையது, மீதி இருபத்தெட்டு என்று எழுதியிருந்தாய். மறுநாளே உன்னை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நூற்றொன்று என் முறை. பலகைக்கு முன்னால் நின்றேன், கை ஓடவில்லை. உன்னைப் பார்க்க வந்தபோது முதல் கேள்வியே அதுதான்.

"நூத்தியொண்ணு என்னாச்சு மச்சான்?"

"போகல மாப்ள. மீதி வருது."

"அப்ப நூத்திமூணு என்னோடது. பலகைய அழிச்சிராத, வந்து போடுறேன்."

நீ வரவில்லை.

போன வாரம்தான் சோக்குக்கட்டியை எடுத்தேன். நாலே வரி. ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி சைபர். உன் எண் பகா எண் இல்லை மாப்ள. ஒரு நிமிஷ வேலை அது. நீ உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாமே? எப்படிக் கத்தியிருப்பாய், எத்தனை முறை சரிபார்த்திருப்பாய்!

தங்கச்சியிடம் சொன்னேன். "மீதி வரலன்னா நல்லதுதானேண்ணே, அதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்றாள். வேறு யாரிடம் சொல்ல? உன் ஷிப்டுக்கு இப்போது வருகிறவர் நல்ல மனிதர். பலகை ஓரத்தில் கொழுந்து போட்ட நேரத்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறார். மாலையில் படியேறும்போது எனக்கென்று ஒரு வரியும் இருப்பதில்லை.

அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தையாவது வகுக்க முடியுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். அதற்கு நூறு வரை பார்த்தால் போதும். அப்போதுதான் உறைத்தது. தொண்ணூற்றேழு வரை ஏதாவது ஒன்று அதை வகுத்தால், நம் பெரிய எண்ணையும் வகுத்திருக்கும். அதைத்தான் நாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டோமே! அந்தச் சின்ன எண் பகா எண்தான், புதிதாக ஒரு வரி எழுதத் தேவையில்லை. நீ போட்டதெல்லாம் சரி. போடாமல் விட்டவன் நான் ஒருத்தன்தான்.

இனி நூற்றுமூன்றால் வகுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அது உன் முறை. நாளைக்கு உனக்காக நான் போடுகிறேன். என்ன மீதி வருகிறதோ அதையே எழுதுவேன், சத்தியமாக.

தன் முறையில் உன்னை ஏமாற்றிய,
உன் மச்சான் செல்வம்