கடைமடைக்கும் அந்தப் பக்கம்

10.6.2025, செவ்வாய்
நாற்றங்கால் நன்றாக முளைத்திருக்கிறது. நானும்தான்! இன்று தியாகராசன் டீக்கடையில் பத்திரிகைத் தலைப்பு ஒன்றை முழுதாகப் படித்துவிட்டேன். ஆரம்பித்தபோது டீயில் ஆவி பறந்தது, முடித்தபோது ஆடை கட்டியிருந்தது. ‘இலங்கைக்குக் கடலடியில் மின்கம்பி: இரு நாடுகள் பேச்சு.’ அதற்குக் கீழே பொடி எழுத்து நிறைய. பொடி எழுத்து எனக்கு எதற்கு? விஷயம்தான் விளங்கிவிட்டதே. நம் கரண்டைக் கொண்டுபோகப் போகிறார்கள்!

11.6.2025
வாய்க்காலை நீட்டினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. கம்பியும் அப்படித்தானே? கடையில் எழுந்து நின்றே பேசினேன். “நம்ம ஊரே கடைமடை. நமக்கும் கீழ இலங்கைன்னா, நம்ம மோட்டாருக்கு என்னய்யா மிஞ்சும்?” பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். போன வருஷம் வரை கைநாட்டு வைத்த முருகையன் பேச்சுக்கு! எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த கமருன்னிஸா டீச்சர் பார்த்திருக்க வேண்டும்.

12.6.2025
இன்றும் பேசினேன். கூட்டம் நேற்றைவிட அதிகம்.

14.6.2025, சனி
சாரங்கபாணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரே வாய்க்காலில் அவர் வயல் மேலே, என் வயல் கீழே. தன் வயல் நிறையும்வரை பலகை போட்டு, வைக்கோலும் சேறும் அப்பி வாய்க்காலை மறித்துவைப்பார். வருஷா வருஷம் சண்டை.

“மொத தடவையா நியாயம் பேசுற முருகையா. நம்மளுது நெறஞ்சாத்தான் அடுத்தவனுக்கு.”

பெருமையாக இருந்தது. பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. இதையேதான் வாய்க்கால் கரையில் நின்றும் சொல்லுவார். அவர் என் பக்கம் என்றால் நான் எந்தப் பக்கம்?

15.6.2025, ஞாயிறு
எழில்மொழி சென்னையிலிருந்து வந்தாள். என் மகள் கரண்டுக்குப் படித்த இன்ஜினியர். இலங்கையில் அந்தக் கம்பிக்கான ஆய்வு வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், ஆறு மாதத்துக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நான் வேணாம்னு சொல்லிடறேன்ப்பா. பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே சொல்லிட்டாங்க, ஊரே எதிர்க்குதாம், நீங்கதான் தலைவராம். நான் போனா உங்களத்தான் கேலி பண்ணுவாங்க.”

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரி அம்சம் மட்டும் விடவில்லை. “தலைவரு சாப்பிட வர்றீங்களா, இல்ல மாலை போட்டுத்தான் கூப்புடணுமா?”

16.6.2025
பொடி எழுத்தைப் படித்தே தீருவது என்று போனேன். தியாகராசன் அந்தத் தாளை வடை மடிக்கப் போட்டிருந்தார். கெஞ்சி வாங்கினேன். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து நகைக்கடை விளம்பரமும் சேர்ந்து தெரிந்தது. மத்தியானம் வரை ஆனது. அங்கே கரண்டு பற்றாவிட்டால் இங்கிருந்து போகுமாம், இங்கே பற்றாவிட்டால் அங்கிருந்து வருமாம். நம்பாமல் எழிலிடம் கேட்டேன்.

“கம்பி வாய்க்கால் இல்லப்பா. ரெண்டு பக்கமும் போகும்.”

“மேடு பள்ளம் பாக்காதா?”

“பாக்காது.”

ஆயுசு பூராவும் மேல்மடைக்காரனைத் திட்டினேன். எனக்கும் கீழே ஒருத்தன் வரப்போறான்னதும் என்ன பண்ணேன்? பலகையத் தேடினேன். சே, என்ன மனுஷன்யா நான் — ஒத்தத் தலைப்பு படிச்ச திமிரு!

17.6.2025
டீக்கடையில் எண்ணெய்த் தாளைப் பிரித்து, கடைசி வரி வரை சத்தமாகப் படித்தேன். நடுவில் இரண்டு பேர் டீ குடித்துவிட்டு எழுந்தே போய்விட்டார்கள்.

சாரங்கபாணி கேட்டார், “என்னய்யா, கட்சி மாறிட்டியா?”

“ஆமாங்க. அன்னிக்குத் தலைப்ப மட்டும் படிச்சுட்டுக் கத்திட்டேன். மீதிய இப்பத்தான் படிச்சேன்.”

கடையே சிரித்தது. தியாகராசன், “இனிமே தலைவர் படிச்சு முடிக்காம இந்தக் கடைல வடை கெடையாது” என்றார். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்து எழிலிடம் சொன்னேன். “கேலி பண்ணி முடிச்சுட்டாங்க. நீ கெளம்பு.” அவள் அங்கேயே நின்று போன் போட்டாள்.

2.7.2025
எழில் விமானம் ஏறினாள். அம்சம் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

20.7.2025
வாய்க்காலில் முறைத் தண்ணீர் நின்றுவிட்டது. சாரங்கபாணியின் மோட்டார் புகைந்துபோய் மெக்கானிக்கிடம் கிடக்கிறது. அவர் நடவு வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. என் வரப்பில் வந்து நின்றார். என் மோட்டாரையே பார்த்தார். ஒரு பீடி தீரும்வரை நான் அவரைப் பார்க்காததுபோல் நின்றேன். இதை எழுதாமல் விட்டால் பொய்.

பிறகு மோட்டாரில் ஓஸ் பைப்பை மாட்டி அவர் வயல் பக்கம் இழுத்தேன். மறு முனையை அவரே வந்து பிடித்துக்கொண்டார்.

“கடைமடையிலேருந்து மேல்மடைக்கா?” அம்சம் வாயில் கைவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து இலங்கையிலிருந்து எழில் போன் போட்டாள். “என்னப்பா, மோட்டார் சத்தமா? யாரு வயலுக்கு ஓடுது?”

“சாரங்கபாணி வயலுக்கு” என்றேன். “நீ சொன்னியே, ரெண்டு பக்கமும் போகும்னு. போகுதான்னு பாக்கறேன்.”