மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரபுவின் மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

டாக்கரில் நம் வீட்டில் எல்லோருக்கும் அமைதிதானே? உங்கள் மூட்டுவலி குறைந்ததா? இங்கே பிராகிலும் அமைதிதான், குளிர் மட்டும் அதிகம்.

படத்தில் எனக்கு ஒரு பிரபுவின் மகள் வேடம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதில் ஒரு சின்ன மாற்றம். நேற்று நடனக் காட்சி. பழங்கால அரண்மனை என்பதால் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்கிறார்கள். "இந்த அரண்மனையில எல்லா நிறத்துக்கும் இடம் உண்டு" என்று இயக்குநர் பேசி முடித்ததும், ஒளிப்பதிவாளர், "சோக்னா மூஞ்சியே தெரியலையே" என்றார். வெளுத்த முகங்களுக்காக வைத்த வெளிச்சம் அது, என் கறுத்த முகத்துக்குப் போதவில்லை. கூட்டினால் அவர்கள் முகம் சுண்ணாம்பாகிவிடுமாம். அதனால் என் கையில் ஒரு மெழுகுவத்தி விளக்கைக் கொடுத்தார்கள். தெரிந்தேன்.

உடனே சரித்திர ஆலோசகர் அம்மாள் ஓடிவந்தார். "பிரபு வீட்டுப் பொண்ணு எவளாவது தன் கையால விளக்குப் பிடிப்பாளா? அது வேலைக்காரி வேலைங்க."

எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் என்னிடமிருந்து விளக்கை வாங்கவில்லை அம்மா, பட்டுக் கவுனைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

உடுப்பு மாட்டிவிடும் ஸ்டென்கா கவுனின் இறுகிய முதுகு நாடாவை அவிழ்த்தபடி, "விடுடி, இனிமே மூச்சாவது விடலாம்" என்றாள். நானும் சிரித்தேன்.

முடி பின்னக் கறுப்பு நூல் அனுப்புங்கள். இங்கே யாருக்கும் என் தலையைத் தொடத் தெரியவில்லை. உங்கள் குரலைப் பதிவு செய்தும் அனுப்புங்கள், எதைப் பேசினாலும் சரி.

வண்டி வந்துவிட்டது. படம் வந்தால் நம் தெருப் பெண்களைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் மட்டும் பாருங்கள். என்னைத் தேட வேண்டாம், விளக்கைப் பாருங்கள், அதன் பின்னால் நிற்பேன்.

உங்கள் சோக்னா