நான்கு தப்படி தள்ளி

மார்ச் 3

என் கணக்குப்புலித் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சுரங்கக்காரர்கள் குழியை மூடி, நிலம் நம் கைக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. 'செடிகொடி நன்றாகப் பிடித்துவிட்டது, உரியவர்களிடம் ஒப்படைக்கலாம்' என்ற அறிக்கையின் அடியில் உன் கையெழுத்து. அதை மாமா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். "என் மச்சான் போட்ட கையெழுத்து, சும்மாவா?" என்கிறார். ஆனால் மேட்டுப் பக்கம் இரண்டு தடவை விதைத்தும் ஒன்றும் நிற்கவில்லை. முளைக்கிறது, மஞ்சளாகிறது, போய்விடுகிறது. ஒரு நடை வந்து பாரேன். அளக்க வந்த அன்று ஒரு வாய் சாப்பிட்டுப் போனவன்தான் நீ.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை கழுத்தை நெரிக்கிறது, இப்போது வர முடியாது. மூடின நிலம் பழையபடி ஆக நாளாகும், பொறுமையாக இருங்கள்.

அறிக்கையில் தவறு இருக்க வாய்ப்பில்லை. இடத்தை நாங்கள் பொறுக்குவதில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டு எண் எடுப்போம். எல்லைக்கல்லிலிருந்து முதல் எண் எத்தனையோ அத்தனை தப்படி நேராக நடப்போம், அடுத்த எண்ணுக்கு மேட்டைப் பார்த்து நடப்போம். கால் நிற்கிற இடத்தில் ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தைப் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவோம். கல் என்றால் கல், பச்சை என்றால் பச்சை. எங்கள் இஷ்டத்துக்கு அதில் வேலையே இல்லை.

மாமாவின் முழங்காலைக் கவனியுங்கள்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

நீ எழுதினபடியே செய்து பார்த்தேன். பழைய ஜன்னல் மரத்தை மாமா அறுத்து, ஒரு மீட்டருக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தார். சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். "கணக்குப்புலியோட அக்கா ஆச்சே, விடுவியா?" என்று அவர் கிண்டல் வேறு.

மேட்டுப் பக்கம் இருபது இடம் பார்த்தோம். பதினாலில் ஒரு புல்கூட இல்லை, கருப்புக் கல்தான். உன் அறிக்கையில் இருபதில் இரண்டுதான் வெறும் இடம். எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. என் தப்படி சின்னதோ? தாளை இதோடு வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

உங்கள் எண்ணிக்கையில் தப்பில்லை. தப்பு என்னுடையது.

முதல் இரண்டு இடத்தையும் வெறும் தரை என்றுதான் எழுதினேன். மூன்றாவதும் அப்படியே இருந்தது. மேலதிகாரி ஜீப்பிலிருந்தே கேட்டார்: "என்னப்பா, கல்லை எண்ணவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கு?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மரச்சட்டத்தைத் தூக்கி நான்கு தப்படி தள்ளிப் போட்டேன், புல் இருந்த பக்கமாக. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கால் தானாகவே தள்ளிப் போனது.

அன்று மத்தியானம் உங்கள் வீட்டில் சாப்பிடும்போது, "நெலம் எப்படி?" என்று மாமா கேட்டார். "நல்லாப் பிடிச்சிருக்கு மாமா" என்றேன். பிறகு உங்கள் வாசலை மிதிக்க எனக்கு முகம் இல்லை.

உங்களுக்கு நிலம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று செய்ததாக முதலில் எழுதி, கிழித்துப்போட்டேன். அது பொய். நாலு பேர் சிரித்ததற்காகச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. உங்கள் தாளைப் பார்க்கவே கூசுகிறது.

உண்மையைச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் நிலம் மறுபடி சுரங்கக்காரர்களிடம் போகும். அவர்கள் நல்ல மண் போட்டுச் சரிசெய்ய நான்கைந்து வருஷம் ஆகும். என் வேலையும் போகலாம். நீங்கள் சொல்லுங்கள், அனுப்பட்டுமா?

தம்பி

மே 12

தம்பிக்கு,

அனுப்பட்டுமா என்று எங்களைக் கேட்டாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் எங்கள் தலையில் கட்டாதே. நீயே அனுப்பு.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அறிக்கையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். நான் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். வேலை போனால் இங்கே வா. உனக்குச் சோறு போட எங்களால் முடியும்.

மறுபடி எண்ண ஆட்கள் வருவார்கள் அல்லவா? அன்றைக்கு நீயும் வர வேண்டுமாம். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரட்டும். மரச்சட்டத்தை அவன் தூக்கிட்டு வரட்டும். தப்படி நான் எண்ணிக்கிறேன்."

அக்கா