சந்தனம் வைத்த மொபெட்

கிரீஸ் கையோடு சோறு பிசைந்து திட்டு வாங்கிய என் அம்மாவுக்கு,

உன் மொபெட் நம் வீட்டில்தான் நிற்கிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீ நிம்மதியாகப் படிக்க மாட்டாய்.

போன மாதம் அது படுத்திய பாடு! அப்பா ஸ்டேஷனுக்குக் கிளம்பினால் பாதி வழியில் நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், மிதிப்பார், ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி மௌன விரதம். பெங்களூர் ரயிலை இரண்டு முறை கோட்டைவிட்டார். கடைசியில் கஜா அண்ணனின் மெக்கானிக் கடையில் கொண்டுபோய் விட்டார். ஆமாம், நீ எட்டிக்கூடப் பார்க்காத அதே கடை.

"என்ஜினைக் கயட்டிப் பாத்துட்டேன் சார். உள்ள எல்லாம் தேஞ்சி பூட்ச்சி. ஞாயித்துக்கெழம நானே பழைய இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேன், குடுத்துடுங்க."

அப்பா தலையாட்டிவிட்டார். கூடப் போயிருந்த நான் வண்டியின் பக்கத்தில் போய் நின்றேன். நீ தைத்த ரவிக்கைகளை ராபர்ட்சன்பேட்டை முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்த வண்டி அது, அம்மா!

அப்போதுதான் என்ஜினைப் பார்த்தேன். நட்டின் மேலும் என்ஜின் மேலுமாகச் சேர்த்து நீ இழுத்த ரோஸ் நெயில் பாலிஷ் கோடுகள். யாராவது கழற்றினால் கோடு உடையும். உன் விரலைவிட நட்டுகள்தான் அதிகம் நெயில் பாலிஷ் போட்டன. நான்கு கோடுகளும் அப்படியே இருந்தன. எனக்கு நட்டு கழன்றிருக்கிறது என்பாயே, வண்டியில் ஒன்றுகூடக் கழலவில்லை.

"இன்னாண்ணா, கயட்டாமலே உள்ள பாத்தியா? உன் கண்ணு இன்னா எக்ஸ்ரேவா?"

"ஸ்கூல் பொண்ணுக்கு என்ஜின் பத்தி இன்னா தெரியும்? போம்மா."

அப்பா குனிந்து பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம். நிக்காம ஓடணும். இல்லனா எவனுக்காச்சும் குடுத்துடுவேன்" என்றார்.

நீ எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. வண்டியின் ஸ்பார்க் பிளக்கை ஒளித்துவைத்து உன்னை அரை நாள் அலையவிட்டேனே, அன்றிலிருந்து ஸ்பேனர் பக்கமே சேர்க்கவில்லை. அதனால் காதைத்தான் நம்பினேன். வாசலில் என்ஜினை ஓடவிட்டு, அது நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகக் காற்று போனால்தான் பெட்ரோல் இறங்கும். அப்பா மூடியைத் திறந்து மூடியதும் ஓடியது அதனால்தான். துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. சுரண்டி மோந்தேன். சந்தனம்!

குற்றவாளி நான்தான். நீ கண்மூடிய வருஷம் என்பதால் நம் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. தெருவில் எல்லா வண்டியும் பொட்டும் பூவுமாய் மினுக்கும்போது உன்னுடையது மட்டும் வெறும் முகத்தோடு நிற்கலாமா? யாருக்கும் தெரியாமல் சந்தனத்தில் கண், வாய் வரைந்தேன். மூக்கைக் கொழுக்கட்டை அளவுக்கு மூடியின் மேல் அப்பினேன். மறுநாள் துணியால் துடைத்தபோது துளை எனக்கு எங்கே தெரிந்தது?

உன் தையல் மெஷின் ஊசியால்தான் குத்தி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓட்ட, நான் பின்னால் உட்கார, பேத்தமங்களா ஏரி வரை போனோம். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

"இன்னாடி பண்ண?"

சொல்லிவிட்டேன். முழுசாக.

"மூக்க அடச்சா எப்டிடி மூச்சு வுடும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பார்! நீ போனபிறகு அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். உனக்குக் கேட்டதா?

இனி இந்த வண்டியின் ஸ்பேனர் என் கையில். கோடு மங்கினால் நானே ரோஸ் பூசுவேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் முகம் உண்டு. மூக்கு மட்டும் ஹெட்லைட்டில். பிளக்கை ஒளிக்க மாட்டேன், உன்மேல் சத்தியம்.

மூக்கை அடைத்தவளும் திறந்தவளுமான
உன் மகள் சுதா